ஆகாய விமானத் தொழிலும் அரசாங்க மானியமும்

ஒரு தொழில் தன் சொந்தப் பலத்தால் நிற்பதே சிறப்பென்பது வணிகர் யாவரும் ஒப்பும் பொதுவிதி. ஆகாய விமானத் தொழிலோ எந்நாட்டிலும் அரசாங்கத்தின் கைபிடித்தே நடை பயின்றிருக்கின்றது. புதிய பிரயாணி விமானம் ஒன்றை வரைந்து, செய்து, பரீட்சித்துப் பறக்கவிடப் பல ஆண்டுகளும் பல நூறு கோடி டாலரும் செல்லும். அது விலைபோகுமா என்பதோ இறுதியிற்றான் தெரியும். இத்துணைப் பொருளை இத்துணைக் காலம் முடக்கி வைக்கத் தனி வணிகர் அஞ்சுவர். ஆதலின் அரசாங்கத்தார் உதவ முன்வருகின்றனர். அவ்வுதவி எவ்வளவில் முறையாகும், எவ்விடத்தில் அயலார்க்குத் தீங்காகும் என்பதை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தார் ஆராய்வது பயனுடைத்து. இவ்வழக்கு கடல் கடந்த நாடுகளில் மாத்திரமன்று, நம் எல்லைக் கல்லருகிலும் நடைபெறுகின்றது.

முதலில் பெரிய வழக்கைக் காண்போம். அமெரிக்காவின் போயிங், ஐரோப்பாவின் ஏர்பஸ் என்னும் இரண்டுமே பெரிய பிரயாணி விமானச் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டவை. ஏர்பஸ்ஸுக்குப் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய நாடுகள் புதிய விமானம் தொடங்குங்கால் கடன் கொடுத்தன. விமானம் விற்றால் கடன் அடையும். விற்காவிடில் நஷ்டம் பெரிதும் அரசாங்கத்தையே சாரும். போயிங்குக்கோ இராணுவ இலாகாவும் நாஸாவும் ஆராய்ச்சிக்கென அளித்த பொருள் உதவியது. 2003-இல் வாஷிங்டன் மாநிலம் வரிக்குறைப்பும் அளித்தது. ஒருவர் கொடுத்தது கடன் என்றும், மற்றவர் கொடுத்தது ஆராய்ச்சி என்றும் பெயர் பெற்றன. பெயர் வேறாயினும் பொருள் பொதுஜனங்களின் பொக்கிஷத்திலிருந்தே வந்தது.

1992-இல் இரு தரத்தாரும் ஓர் உடன்படிக்கை செய்து, புதிய விமானத்தின் ஆக்கச் செலவில் அரசாங்கத்தின் நேர் உதவி நூற்றுக்கு 33 பங்குக்கு மேற்படலாகாதென வரையறுத்தனர். 2004-இல் அமெரிக்கா அதனை விட்டு விலகி, உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்கிட்டது, ஐரோப்பாவும் எதிர்வழக்கிட்டது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டு விசாரணையில் இரு பக்கத்தும் குற்றம் காணப்பட்டது. 2019-இல் ஆண்டுக்கு 750 கோடி டாலர் அளவு ஐரோப்பியப் பொருள்கள்மீது தண்டவரி விதிக்க அமெரிக்காவுக்கும், 2020-இல் ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவு அமெரிக்கப் பொருள்கள்மீது விதிக்க ஐரோப்பாவுக்கும் அனுமதி கிடைத்தது. 2021 ஜூனில் இருவரும் ஐந்தாண்டுக்கு அவ்வரிகளை நிறுத்திவைக்க இசைந்தனர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்வரியின் பாரம் விமானத்தின்மேல் மாத்திரம் விழவில்லை. பிரான்ஸின் திராட்சைமது, ஸ்பெயினின் ஒலிவக்காய், இத்தாலியின் பாலாடைக்கட்டி ஆகியவற்றின்மேலும் நூற்றுக்கு 25 வீதம் விழுந்தது. மானியம் பெற்றவன் ஒருவன்; தண்டம் கொடுத்தவன், விமானத்தோடு யாதொரு சம்பந்தமுமில்லாத குடியானவன். நேர்மையற்ற மானியத்தின் கேடு இதுவே.

இனி நம் எல்லைக்கு வருவோம். 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கியபோது மைசூர் சமஸ்தானம் துணை நின்றது. அவ்வுதவியால் பெங்களூர் இந்நாட்டு விமானத் தொழிலின் தலைநகராயிற்று. 1971-இல் தமிழக அரசு நிறுவிய சிப்காட், பின்னர் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்துச் சலுகைகளும் தந்தது. பெங்களூரின் அண்மையும் இச்சலுகைகளும் சேர்ந்து தொழிற்சாலைகளை எல்லைக்கு இப்பால் இழுத்தன. ஓசூருக்கு அடுத்த பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனம் தன் விமானத்தளத்தில் இத்தாலிய பார்ட்டனேவியாவின் கூட்டுறவால் ஆறு ஆசன விமானங்களைச் செய்ய முற்பட்டது. பெங்களூர் தேசிய ஆய்வகத்தார் வகுத்த ஹன்ஸா என்னும் இரண்டாசனப் பயிற்சி விமானங்களும் அங்கே உருவாயின. அரசாங்கம் ஆராய்ச்சியைத் தாங்க, தனியார் அதனைத் தொழிலாக்கிய நல்ல உதாரணம் இது. ஆயினும் மானியம் எப்பொழுதும் கனி தரும் என்பதில்லை. அதே ஆய்வகத்தின் பதினான்கு ஆசன 'ஸரஸ்' விமானம் 2004 மே மாதத்தில் முதன்முறை பறந்தும் சந்தைக்கு வந்து சேரவில்லை.

போயிங், ஏர்பஸ் போட்டி போன்றே மாநிலங்களுக்குள்ளும் போட்டி மூண்டது. ஒருவர் விற்பனைவரியைக் குறைத்தால் அடுத்தவர் மேலும் குறைத்தனர். 1999 நவம்பரில் முதலமைச்சர்கள் கூடி, இச்சலுகைப் போட்டியை நிறுத்தி, 2000 ஜனவரி முதல் பொதுவான அடிமட்ட வரி வீதத்தை அனுசரிக்க முடிவு செய்தனர். எனினும் போட்டி வேறு உருவெடுத்தது. தமிழகம் 2022-இல் வெளியிட்ட விமான, பாதுகாப்புத் தொழிற்கொள்கை, பத்தாண்டில் 75,000 கோடி ரூபாய் முதலீட்டை நாடுகின்றது. கர்நாடகத்துக்கும் அத்தகைய கொள்கையுண்டு. 2025 ஜூலையில், தேவனஹள்ளியில் விமானத் தொழிலுக்கென 1,777 ஏக்கர் எடுக்கும் முயற்சியை, விவசாயிகளின் நெடுநாட் போராட்டத்தால் கர்நாடகம் கைவிட்டது. உடனே ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ், தம்மிடம் 8,000 ஏக்கர் உண்டென அத்தொழில் நடத்துவோரை அழைத்தார். இங்கும் ஏர் பிடிப்பவனே போட்டியின் நடுவில் நிற்கின்றான்.

ஆதலின் மானியம் வேண்டாவென்பது நம் கருத்தன்று. அதனை மூன்று உரைகல்லில் உரைத்துப் பார்க்கவேண்டுமென்பதே. முதலாவது, தொகையும் பெறுவோர் பெயரும் யாவரும் காண வெளியாதல் வேண்டும். இரண்டாவது, அதற்குக் கால எல்லை வேண்டும். நடக்கக் கற்ற குழந்தையை எந்நாளும் இடுப்பில் சுமத்தல் தகாது. மூன்றாவது, அயலானுடைய தொழிலைப் பறிப்பதாக இராது, புதியதொன்றைப் பிறப்பிப்பதாக அஃது இருத்தல் வேண்டும். பாதை, மின்சாரம், பரீட்சைச்சாலை, தொழிற்கல்வி ஆகியவற்றில் இடும் பொருள் இம்மூன்றுக்கும் எளிதில் இயையும். ஒரு நிறுவனம் பெயர்ந்து போயினும் கற்ற கையும் போட்ட பாதையும் நம்மிடமே நிற்கும். ஒரு நிறுவனத்தை மாத்திரம் நோக்கித் தரும் வரிவிலக்கோ அந்நிறுவனத்தோடே போய்விடும்.

ஓசூரின் பட்டறைகளில் நாளை உருவாகும் சிறு உறுப்பொன்று ஏர்பஸ்ஸின் இறகிலோ போயிங்கின் உடலிலோ பொருந்தலாம். அதன் விலையை அதனைச் செய்த கையின் திறமை தீர்மானிப்பதாக. பொக்கிஷத்தின் தாராளம் அன்று. அத்திறமையைத் தேடுதல் மாணவர் கடமை. அதற்கு வழி செய்தல் அரசினர் கடமை.