மிக்-21 போனது, இனி எது?

கேள்வி: மிக்-21 ஓய்வு பெற்றுவிட்டதே, நம் கடலோர வானத்தைக் காக்க இனி எந்த விமானம்?
- வாசகர், பசியாவரம், பழவேற்காடு

பதில்: உங்கள் கடலுக்குக் காவல் தஞ்சாவூரில் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் அங்கே சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு. கப்பலைத் தாக்கும் பிரமோஸ் ஏவுகணையும் உண்டு. அதே ஆண்டு சூலூரில் நம் நாட்டுத் தயாரிப்பான தேஜஸ் போர் விமானத்தின் இரண்டாவது படைப்பிரிவும் அமைந்தது.

ஆனால் 1963இல் வந்த மிக்-21ஐ 2025 செப்டம்பர் 26 வரை பறக்கவிட்டிருக்கக் கூடாது. விபத்துகளில் எத்தனை இளம் விமானிகளைப் பறிகொடுத்தோம்! மாற்றாக நினைத்த தேஜஸ் திட்டம் 1983இல் தொடங்கியும், முதல் படைப்பிரிவு அமைய 2016 ஆகிவிட்டது. விமானப்படைக்கு மொத்தம் தேவை 42 போர் விமானப் படைப்பிரிவுகள். இப்போது சுமார் 29தான். 2021இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ கேட்டோம். அவற்றுக்கான அமெரிக்க எஞ்சின் வரத் தாமதம். சொந்த எஞ்சின் செய்வதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.