விதையிலிருந்து செங்காந்தள்

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் என்பது நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் மூலம் தெரிந்திருக்கும். ஆனால் நாம் பிழைக்க வந்த இந்த மகாராஷ்டிரத்திலும் அது தானாக வளரும் பூ என்பது பலருக்குத் தெரியாது. மராட்டியில் இதைக் 'களலாவி' என்பார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் முதலில் நிற்பது இதுவே. மலைப்பகுதியில் இருப்புப்பாதைப் பராமரிப்பு வேலையில் இருந்தபோது, ஆடி, ஆவணி மாதங்களில் தண்டவாளத்தை ஒட்டிய சரிவுகளில் இது புதர் மேல் ஏறிப் பூத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதன்மேல் ஆசைப்படுபவர்கள் காட்டில் கிழங்கைத் தோண்டி எடுத்து வந்துவிடுகிறார்கள். அப்படித் தோண்டத் தோண்ட மலையில் செடி குறைந்துகொண்டே போகும். விதை போட்டு வளர்ப்பதே முறை. அதற்கு வேண்டியது பொறுமை ஒன்றுதான். முதல் பூவுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

1. விதை: வீட்டில் செடி வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். மழைக்காலம் முடிந்தபின் காய் வெடித்து, உருண்டையான சிவப்பு விதைகள் தெரியும். மேல்தோலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து நீக்கி, நிழலில் உலர்த்தி வையுங்கள். புது விதை பல மாதங்கள் உறங்கும்; உடனே போட்டால் முளைக்காது.

2. விதைப்பு: ஜூன் மாதம் முதல் மழையோடு விதைக்கலாம். ஓர் இரவு ஊறவைத்து, செம்மண், மணல், மக்கிய இலை உரம் சம அளவு கலந்த தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இடுங்கள். தொட்டியில் நீர் தேங்கக்கூடாது. முளைக்க மூன்று வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

3. முதல் ஆண்டு: சில இலைகளும் மண்ணுக்குள் சிறு கிழங்கும்தான் இருக்கும். இடம் மாற்றாதீர்கள். கிழங்கின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது.

4. உறக்கம்: மழை போனதும் செடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டியைக் காலி செய்துவிடக்கூடாது. தண்ணீரை நிறுத்தி, தொட்டியில் பெயரும் தேதியும் எழுதி ஒரு மூலையில் வையுங்கள். அடுத்த மழைக்குத் தானே எழும்.

5. வளர்ந்த செடி: இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். மெல்லிய குச்சியோ கம்பி வலையோ கொடுத்தால் போதும். பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் மகரந்தம் தானாகச் சேர்வது குறைவு. விதை வேண்டுமானால் காலையில் மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவுங்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. இந்தச் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். கால்சிசின் என்னும் இந்த நஞ்சே தகுந்த அளவில் மருந்தாகவும் பயன்படுகிறது. அதற்காகவே தமிழ்நாட்டில் இதைப் பயிரிடுகிறார்கள். கிழங்கைப் பார்த்தால் சாப்பிடும் கிழங்கு போலவே இருக்கும். ஆகவே சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். விதையைப் பூட்டி வையுங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தவழும் குழந்தையோ நாய், பூனையோ உள்ள வீட்டில் இது வேண்டாம். யாராவது விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு தெரியவே பல மணி நேரம் ஆகலாம் என்பதால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருப்பது ஆபத்து.

இவ்வளவு எச்சரிக்கையோடு வளர்க்க வேண்டுமா என்று கேட்கலாம். மாடியில் வெயில் படும் மூலையும், சொன்னால் புரிந்துகொள்ளும் வயதில் பிள்ளைகளும் இருந்தால், வேண்டும் என்பேன். ஐந்தாம் வகுப்பில் விதை போட்ட பிள்ளை எட்டாம் வகுப்பில் பூவைப் பார்க்கும். ஊரிலும் இங்கும் ஒன்றாகப் பூக்கும் அந்தப் பூவின் பெயரைப் பிறகு நாம் சொல்லித்தர வேண்டியிருக்காது.