ஊர் மாறிய கழகமும் ஊர் தேடிய கழகமும்

தம்பலகாமம்

அன்பு மகள்,

உன் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. "அமெரிக்காவில் காசு இருக்கு, அதனால பெண்களுக்கு உதைபந்தாட்டக் கழகம் இருக்கு; எங்களுக்கு அது சரிவராது சேர்" என்று எழுதியிருக்கிறாய். உயர்தரப் பரீட்சையோடு விளையாட்டை விட்டுவிடப் போவதாகவும் சொல்கிறாய். படித்த பெரியவர்களும் இதே கதையைச் சொல்லித் திரிகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. காசு இருந்தும் கலைந்துபோன கழகங்கள் அமெரிக்காவில் எத்தனை என்று இவர்கள் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை.

1999 பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அமெரிக்கா வென்றது உனக்குத் தெரியும். அந்த உற்சாகத்தில் 2001இல் அங்கே எட்டுக் கழகங்களோடு பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியது. மூன்றே பருவங்களில் ஏறக்குறைய 10 கோடி டொலர் கரைந்தது. 2003 செப்டெம்பரில், அடுத்த உலகக் கிண்ணம் தொடங்க ஐந்து நாள் இருக்கையில், லீக்கை மூடிவிட்டார்கள். அதற்கு முந்தின மாதம்தான் அமெரிக்க நட்சத்திரம் மியா ஹாம் ஆடிய வாஷிங்டன் ஃப்ரீடம் அதன் கிண்ணத்தை வென்றிருந்தது.

இந்த ஃப்ரீடத்தின் கதையை நான் எவ்வளவு பேசினாலும் அலுக்கமாட்டேன். லீக் போன பிறகும் அது கலையவில்லை. சிநேகபூர்வ ஆட்டங்கள் ஆடியது, பிறகு கீழ்மட்ட லீக் ஒன்றில் சேர்ந்து 2007இல் அதையும் வென்றது. வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தில் அதற்கொரு மைதானம் இருந்தது. தவறாமல் வந்து பார்க்கும் குடும்பங்கள் இருந்தன. பழைய உரிமையாளர் குடும்பமும் கைவிடவில்லை. 2009இல் புதிய லீக் பிறந்தபோது ஃப்ரீடம் தயாராக நின்றது. பிறகு கழகம் கைமாறியது. 2011இல் புளோரிடாவுக்குக் கொண்டுபோய், தொலைபேசிக் கருவி ஒன்றின் பெயரான 'மெஜிக்ஜாக்' என்பதையே கழகத்துக்கும் வைத்தார்கள். அமெரிக்க நட்சத்திரங்களான ஏபி வாம்பாக், ஹோப் சோலோ, மேகன் ரபினோ எல்லாரும் அதில் ஆடினார்கள். அந்த ஆண்டு முடியுமுன் லீக் அதை நீக்கியது, வழக்கு வந்தது, 2012இல் லீக்கும் மூடப்பட்டது. தொழில்முறை லீக் இல்லாமல் ஐந்து ஆண்டு உயிரோடிருந்த கழகம், தன் ஊரை விட்டபின் ஓர் ஆண்டு தாங்கவில்லை. நட்சத்திரங்கள் குறைந்ததால் அல்ல, ஊர் போனதால்தான் அது அழிந்தது என்பது என் முடிவு. இதை மறுத்து யாராவது எழுதினால் நான் விடமாட்டேன்.

அமெரிக்காவை விடு. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், மதுரையில் சேது எஃப்.சி. இருக்கிறது. பெண்கள் அணியாலேயே பெயர் பெற்ற கழகம். இந்தியப் பெண்கள் லீக் 2017இல் தொடங்கியது. சேது அதன் இரண்டாவது பருவத்தில் உள்ளே வந்தது. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் பொலிஸ் அணியை 3-1 என வென்று இந்தியச் சாம்பியனானது. பிறகு பிரான்சின் கெங்காம் கழகம் வரை போன நேபாளத்து சபித்ரா பண்டாரி அன்று சேதுவின் முன்களத்தில் ஆடினார். 2022இல் கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரளாவிடம் தோற்று இரண்டாம் இடம்.

லீக்கின் இறுதிச் சுற்றுகள் நடந்த இடங்களைப் பார்: 2018இல் ஷில்லாங், 2019இல் லூதியானா, 2020இல் பெங்களூரு, 2022இல் புவனேஸ்வர், 2023இல் அகமதாபாத். எல்லா அணிகளையும் ஒரே இடத்தில் கூட்டிச் சில வாரங்களில் முடித்துவிடுவார்கள். இந்தியாவின் சாம்பியனை மதுரைக்காரர் தம் மைதானத்தில் நின்று பார்க்க வழியே இருக்கவில்லை. இது பெரிய அநியாயம். பிறகு "பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை" என்று எவராவது சொன்னால், எங்கே பார்க்கவிட்டீர்கள் என்று கேள். சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறிமாறி ஆடும் முறை 2023-24இல்தான் வந்தது.

அப்படியிருந்தும் சேது நின்றதற்குத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே பந்தோடு வளர்ந்த பிள்ளைகள் இருந்தது ஒரு காரணம். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதல்முறையாகப் பெண்கள் தேசியப் பட்டம் எடுத்தது. அந்த அணியில் கடலூர்ப் பிள்ளைகள் பலர். சேதுவுக்கும் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரி. தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2004 கடல்கோளில் வீட்டையும் பெற்றோரையும் இழந்த பிள்ளைகளும் அங்கே ஒரு பயிற்சியாளரின் கீழ் பந்து பழகினார்கள். திருகோணமலைக் கரையில் அந்தக் கடல் செய்ததை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. கடலூரில் அதற்குப் பிறகு பயிற்சி நடந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கழகம், லீக், தேசிய அணி எல்லாம் அதன் பிறகு வந்தவை.

என் வாசிப்பிலிருந்து இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் 1917இல் தொடங்கிய டிக் கேர் அணியின் ஆட்டத்தை 1920 டிசெம்பர் 26 அன்று லிவர்பூலில் 53,000 பேர் பார்த்தார்கள். அடுத்த டிசெம்பரில் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இருந்தது. ஆனால் அந்த அணி 1965 வரை ஆடியது. அரங்குகள் பறிபோனாலும் பிரஸ்டன் இருந்தது.

காசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2013இல் தொடங்கிய இன்றைய அமெரிக்க லீக்கில் முதலில் தேசிய வீராங்கனைகளின் சம்பளத்தை அவர்களுடைய நாட்டு உதைபந்தாட்டச் சங்கங்களே கொடுத்தன, அதுவும் உதவியது. ஆனால் அதே முதற்பருவத்தில் போர்ட்லண்ட் தோர்ன்ஸின் ஆட்டங்களுக்குச் சராசரியாக 13,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்தது அந்த ஊர்.

ஆகவே பரீட்சை முடிந்ததும் ஊரில் ஒரு கழகம் தொடங்கு. பாடசாலையை விட்டு விலகும் உன் அணியினரை ஆட்டத்தை விட்டு விலகவிடாதே. தரம் 8 பிள்ளைகளையும் சேர்த்துக்கொள். நீங்கள் கலியாணம் முடித்து, வேலைக்கும் போனபின் ஆடப்போவது அவர்கள்தான். கிண்ணத்தைப் பற்றி முதல் ஆண்டில் பேசவே வேண்டாம். வாரத்தில் எந்த நாள், எந்த மைதானம் என்பதைத் தீர்மானித்து, மழை பெய்தாலும் அதை மாற்றாதே. பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரைக் கண்டு, விளையாட்டுக் கழகமாகப் பதிவதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. யாப்பு எழுதித் தருவது என் பொறுப்பு.

அன்புடன்,
உன் சேர்