மிச்சம் என்று எழுதும் முன்

உடுமலைப்பேட்டை

அன்புள்ள கண்ணு,

பீளமேட்டு அலுவலகத்தின் வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது, நாற்பது பேரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டால் தலைக்கு மாதம் 6,000 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருந்தாய். நிதானமாகப் பார்த்தேன். கூட்டல் சரி. ஆனால் நீ மிச்சம் என்று எழுதியிருப்பதில் ஒரு பங்கு, உன் தாளிலிருந்து இறங்கி உன் ஊழியர்களின் தலையில் ஏறிய செலவு. நீ முடிவெடுக்கும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், எங்கே உட்கார்ந்து வேலை செய்தாலும் மாறாத செலவைத் தனியே எடுத்து வை. சம்பளம்; அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்., அதோடு நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் அரை அரை சதவீதம். 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளமாகச் சேரும் கிராஜுவிட்டி. இவை இரண்டு பக்கமும் ஒன்றுதான். வீட்டிலிருப்பவரைக் ‘கன்சல்டன்ட்’ ஆக்கிவிட்டால் இவற்றை நிறுத்திவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. நேரம் குறிப்பதும் நீ, வேலை கொடுப்பதும் நீ, மேற்பார்வையும் நீ என்றால், பெயரை மாற்றியதால் மட்டும் அவர் உன் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. பிறகு நிலுவை, வட்டியோடு சேர்ந்து வந்து நிற்கும்.

அடுத்தது அலுவலகச் செலவு. 3,000 சதுர அடி, அடிக்கு 40 ரூபாய், மாதம் 1,20,000. அதை நாற்பதால் வகுத்து ஆளுக்கு 3,000 என்று போட்டிருக்கிறாய். நாற்பது பேரும் போய் இடத்தையும் காலி செய்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். பத்துப் பேர் மட்டும் வீட்டுக்குப் போனால் உரிமையாளர் 30,000 குறைத்துக்கொள்ள மாட்டார். இடத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தால்தான் வாடகை இறங்கும். பத்துப் பேர் போவதால் வாட்ச்மேன் சம்பளமும் குறையாது. வாடகை மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் செலவில் சேர்த்திருக்கிறாய். அதை உள்ளீட்டு வரியாக நீ திரும்பப் பெறுகிறாய் என்றால் அது செலவே இல்லை, எடுத்துவிடு. ஆள் குறைந்த மாதமே உடனடியாகக் குறைவது, இரவு ஷிப்ட்டுக்கு ஓட்டும் கேப் வாடகை. உன் தாளில் நான் முழுதாக நம்பும் மிச்சம் அதுதான்.

இனி வீட்டுப் பக்கம். மடிக்கணினியும் இரண்டாவது திரையும் எழுதியிருக்கிறாய். ஒன்று கெட்டால் மாற்றாகக் கொடுக்க வேண்டிய கணினி, அதை அனுப்பி வாங்கும் கூரியர், டீம் லீடர் போனிலேயே கழிக்கும் மணிகள், புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்தில் கேட்டுக் கற்க ஆளில்லாமல் தடுமாறும் வாரங்கள், இவை எதுவும் இல்லை. உன் தொழில் மெடிக்கல் பில்லிங். அமெரிக்க நோயாளிகளின் விவரம் ஹிப்பா சட்டத்துக்கு உட்பட்டது. அலுவலகத்தில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறாய். வீட்டுக் கூடத்தில் அது நடக்குமா? அதற்கான பாதுகாப்பு மென்பொருளும் தணிக்கையும் செலவுதானே?

நான் வேலை பார்த்த நூற்பாலையில் ஆளுக்கு என்ன செலவு என்பதோடு கணக்கை முடிக்க மாட்டோம். ஒரு கிலோ நூலுக்கு என்ன விழுகிறது என்று பார்ப்போம். நீயும் தவறில்லாமல் முடிந்த ஒரு காப்பீட்டுக் கிளெய்முக்கு என்ன விழுகிறது என்று பார். நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்து மறுபடி செய்யும் வேலையையும் சேர்த்துப் பார்.

அப்படிப் பார்த்தால் வீட்டுவேலைக்குச் சாதகமாகவும் வரலாம். சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான சிட்ரிப், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழுவோடு சேர்ந்து 2010 இறுதியில் ஒரு சோதனை நடத்தியது. ஷாங்காய் கால் சென்டரில் முன்வந்தவர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை ஒன்பது மாதம், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவைத்தார்கள். வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. பழகிய ஆள் ஒருவர் போனால் புது ஆளைப் பிடித்துப் பயிற்சி கொடுத்து நிலைக்குக் கொண்டுவர எத்தனை மாதம் போகிறது என்பது உனக்கே தெரியும். வாடகையைவிடப் பெரிய மிச்சம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதே சோதனையில், ஒரே அளவு திறன் காட்டியும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்ததும், தனிமை தாங்காமல் அவர்களில் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அந்தச் சோதனையில் இருந்தவர்கள் விரும்பி முன்வந்தவர்கள், தனி அறை உள்ளவர்கள். நீயோ நாற்பது பேரையும் கேட்காமலே அனுப்பப் பார்க்கிறாய்.

கண்ணு, உன்னிடம் வேலை செய்பவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறது? ஷிப்ட் முழுக்க விசிறியும் விளக்கும் கணினியும் ஓடினால் மின்கட்டணம் ஏறும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கீழ்ப்படியில் கிடைத்த மலிவு விலையிலும் ஒரு பகுதி போய்விடும். இன்டர்நெட், நாற்காலி, இன்வெர்ட்டர் எல்லாம் அவர்கள் பணம். இதுவரை நீ கட்டிய மின்கட்டணத்தை அவர்கள் கட்டும்போது அதை உன் இலாபமாக எழுதுவது நியாயமில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வதால் கூடும் செலவை முதலாளியே தர வேண்டும் என்று போர்ச்சுகல் 2021-ல் சட்டமே இயற்றியது. நீ சட்டத்துக்காகக் காத்திருக்காதே. மாதப்படி ஒன்றைத் தாளின் முதல் வரியிலேயே போடு. அதற்குப் பிறகும் மிச்சம் நின்றால்தான் அது மிச்சம்.

என் யோசனை இது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேள். விரும்புகிறவர்களை மட்டும், அதுவும் ஆறு மாதமாவது உன்னிடம் வேலை பழகியவர்களை, அனுப்பு. இருபது பேர் ஒப்புக்கொண்டால் உரிமையாளரிடம் பேசிப் பாதி இடத்தைத் திருப்பிக் கொடு. அப்போது வாடகை உண்மையாகவே குறையும். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களையும் வரச் சொல். எல்லாரையும் ஒரே நாளில் அழைத்தால் இடம் போதாது, குழுவுக்கு ஒரு நாளாகப் பிரித்துவிடு. சம்பள உயர்வுப் பட்டியலில் அவர்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று நீயே பார். திரும்ப வர விரும்புகிறவருக்கு நாற்காலி இருக்கட்டும்.

இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன், ஒப்பந்தத்தை மூன்று மாதம் மட்டும் நீட்டித் தரச் சொல்லிக் கேள். கொஞ்சம் கூடுதல் வாடகை கேட்டாலும் கொடு. அந்த மூன்று மாதத்தில் கிளெய்முக்கு விழும் செலவை இரண்டு பக்கமும் எழுதி வா. அந்தத் தாளை அனுப்பு. உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம்.

அன்புடன்,
பெரியப்பா