பிராணிகளில் அட்ரீனல், பிட்யூட்டரிச் சுரப்பிகளின் வேலையைச் சோதித்தறியும் முறைகள்

நாளமில்லாச் சுரப்பிகளுள் அட்ரீனலும் பிட்யூட்டரியும் ஒன்றையொன்று சார்ந்து வேலை செய்பவை. அட்ரீனல் சுரப்பிகள் இரண்டு. அவை சிறுநீரகங்களை ஒட்டி அமைந்துள்ளன. பிட்யூட்டரி மூளையின் அடிப்புறத்தில் உள்ளது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி ஏவ, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அதன் தூண்டுதலால் அட்ரீனலின் புறணி கார்டிசாலைச் சுரக்கிறது. கார்டிசால் போதிய அளவு பெருகியதும், அதுவே பிட்யூட்டரியின் வேலையை அடக்குகிறது. வயலில் நீர் நிறைந்தது கண்டு மடையை அடைப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

இவ்வொழுங்கு இரு வகையில் கெடக்கூடும். அட்ரீனல் தளர்ந்துபோகும் நோயை 1855-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிஸன் மனிதரிடத்தில் கண்டு விவரித்தார். கார்டிசால் மிகுந்துபோகும் நோய், அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் பெயரால் வழங்குகிறது. 1932-இல் அவர் அதனைப் பிட்யூட்டரிக் கட்டியோடு தொடர்புபடுத்தினார். இவ்விரு நோய்களும் நாய்களுக்கும் வருகின்றன.

ஒரே அளவீடு ஏன் போதாது?

கார்டிசாலின் அளவு நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. அச்சம், வலி, பிரயாணம் ஆகிய எதுவும் அதனை உயர்த்தும். பிராணியைப் பிடித்து ஊசி குத்துவதே அதனை உயர்த்தப் போதுமானது. ஆகையால், ஒரு முறை எடுத்த ரத்தத்தில் கார்டிசால் மிகுந்திருப்பதைக் கொண்டு, சுரப்பி நோயுற்றது என்று முடிவு கட்டலாகாது. சுரப்பியிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அதை அது செய்கிறதா என்று பார்ப்பதே சோதனையாகும்.

தூண்டும் சோதனை

முதலில் ரத்தம் எடுத்துக்கொண்டு, செயற்கை ஏ.சி.டி.எச். மருந்தைச் சிரை வழியே செலுத்துவர். நாய்க்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. மொத்தம் 250 மைக்ரோகிராமுக்கு மேற்படுவதில்லை. 1 மணி நேரம் கழித்து மீண்டும் ரத்தம் எடுப்பர். நலமுள்ள அட்ரீனல் கார்டிசாலைப் பன்மடங்கு உயர்த்திக் காட்டும். இரு மாதிரிகளிலும் அது டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்குக் கீழே நின்றுவிட்டால், அடிஸன் நோய் எனக் கொள்ளலாம்.

இந்நோயுற்ற நாய் சில நாள் வாந்தி எடுத்துச் சோர்ந்திருக்கும், பின்னர் தேறும், மீண்டும் சோரும். ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் மிகும். இதனை வயிற்றுக் கோளாறு என்றோ சிறுநீரக நோய் என்றோ தவறாகக் கொள்வது எளிது. ஒரு நாள் திடீரென விழுந்து உயிர்விடவும் கூடும். உரிய சோதனை செய்து, குறைந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுத்துவந்தால், அதே நாய் பல்லாண்டு வாழும்.

அடக்கும் சோதனை

கார்டிசால் மிகுந்துள்ளது என ஐயுறும்போது, டெக்ஸாமெதசோன் மருந்தை ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் வீதம் செலுத்தி, 4, 8 மணி நேரங்களில் ரத்தம் எடுப்பர். நலமுள்ள பிராணியில் பிட்யூட்டரி அடங்கும், கார்டிசால் தாழும். 8-ஆம் மணியிலும் அது தாழாதிருந்தால், குஷிங் நோய் இருக்கலாம். நாய்களில் இந்நோயின் பெரும்பகுதிக்குப் பிட்யூட்டரிக் கட்டியே காரணம். எஞ்சியவை பெரும்பாலும் அட்ரீனல் கட்டியால் நேர்பவை. எது காரணம் என்பதைப் பிரித்தறிய ரத்தத்தில் ஏ.சி.டி.எச். அளவையே பார்க்கலாம். குற்றம் பிட்யூட்டரியிலாயின் அது குறையாமலிருக்கும். அட்ரீனலிலாயின் மிகத் தாழ்ந்திருக்கும். இந்த ஹார்மோன் விரைவில் சிதைவது. ஆதலால் மாதிரியைப் பிளாஸ்டிக் குழாயில் எடுத்து, உடனே குளிர்வித்துப் பிரித்து, உறைய வைத்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். தோல் நோய்க்காக நெடுநாள் பிரெட்னிசோலோன் கொடுக்கப்பட்ட பிராணியில் பிட்யூட்டரி அடங்கி, அட்ரீனல் சுருங்கியிருக்கும். அம்மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மேலும், பல சோதனை முறைகளில் பிரெட்னிசோலோன் கார்டிசாலாகவே கணக்கிடப்பட்டு முடிவைக் கெடுக்கும். எனவே, முன்பு கொடுத்த மருந்துகளை, களிம்புகள் உட்பட, கேட்டுக் குறித்த பின்னரே மாதிரி எடுக்கவேண்டும்.

ஹைதராபாத்தில் நடைபெறும் ஆராய்ச்சி

நாயைப் பிடித்து நிறுத்தலாம். காட்டுப் புலியிடம் ரத்தம் எடுப்பதெங்ஙனம்? அதனைப் பிடிக்கும் முயற்சியே அளக்க விரும்பும் கார்டிசாலை உயர்த்திவிடும். இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. கார்டிசால் ஈரலில் சிதைந்து, பித்தத்தோடு குடலை அடைந்து, மலத்தில் வெளிப்படுகிறது. அச்சிதைவுப் பொருள்களை மலத்திலிருந்து சாராயக் கரைப்பானால் பிரித்து, எதிர்ப்பொருள்களின் துணையால் அளக்கலாம். பிராணியைத் தொடவே வேண்டுவதில்லை.

ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லாகோன்ஸ் ஆய்வுக்கூடம், அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் பொருட்டு அமைக்கப்பட்டு, 2007-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதன் விஞ்ஞானிகள் தென்னிந்திய உயிரியல் பூங்காக்கள் மூன்றில் வாழும் யானைகளை இம்முறையால் ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர், கன்ஹா புலிக் காப்பகங்களில் 341 மல மாதிரிகளைச் சேகரித்தனர். சுற்றுலாக் காலத்தில் இரு காப்பகங்களிலும் இப்பொருள்களின் அளவு மிகுந்திருந்தது. வாகனங்களின் எண்ணிக்கையோடு அது உயர்ந்தது. 2019-இல் வெளியான இம்முடிவு, காட்டுக்குள் எத்தனை வண்டிகளை விடலாம் என்று தீர்மானிப்போர்க்கு ஓர் அளவுகோலாகும்.

ஆயினும் உயர்ந்த எண்ணெல்லாம் நோயைக் குறிப்பதன்று. பால், பருவம், கருவுற்ற நிலை, உணவு ஆகியனவும் அதனை மாற்றும். ஹார்மோன் மலத்தில் தோன்றுவதற்கு ஆகும் நேரமும் இனத்துக்கு இனம் வேறுபடும். எனவே ஓர் இனத்துக்கு இம்முறை பொருந்துமா என்பதை, இயன்றவிடத்து, முன்கூறிய தூண்டும் சோதனையாலேயே உறுதி செய்துகொள்வர்: ஏ.சி.டி.எச். செலுத்திய பிராணியின் மலத்தில் உயர்வு தோன்றவேண்டும்.

களப் பணியாளர் கவனத்திற்கு

1. புதிதாக இட்ட மலத்தையே எடுக்கவேண்டும். காலம் கடந்தால் நுண்ணுயிர்கள் ஹார்மோன் பொருள்களை மாற்றிவிடும்.

2. சிறுநீர் கலந்தது, மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது ஆகியவற்றை விலக்கவேண்டும்.

3. யானையின் இலத்தியில் ஓரிடத்தில் மட்டும் எடாமல், உட்பகுதியில் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலக்கவேண்டும்.

4. நாள், நேரம், இடம், தெரிந்தால் பிராணியின் பால் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதிவிட்டு, மாதிரியை விரைந்து குளிரில் வைக்கவேண்டும்.

இவற்றுள் ஒன்று தவறினும் ஆய்வுக்கூடம் ஓர் எண்ணைத் தரும். ஆனால் அந்த எண் பிராணியைப் பற்றியதாக இராது.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு நாயின் கார்டிசால், ஏ.சி.டி.எச். செலுத்துமுன் 1.0, பின் 1.2 மைக்ரோகிராம். இரண்டாம் எண் இல்லாவிடில் நாம் என்ன தவறு செய்திருக்கக்கூடும்?

2. அந்நாயின் ரத்தத்தில் ஏ.சி.டி.எச். மிகுந்திருந்தால், குற்றம் எந்தச் சுரப்பியில் உள்ளது? ஏன்?