பெண் தலைமை: தாமதம் யாரால்?

எலவனாசூர்கோட்டை போன்ற ஊர்களில் கட்சிச் சுவரொட்டியின் அடியில் அச்சாகும் பெயர்களை வரிசையாகப் படித்தால், மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், கிளைச் செயலாளர் என்று பெரும்பாலும் ஆண்களே அணிவகுக்க, மகளிரணி கடைசி வரியில் ஒதுங்கி நிற்பதைக் காணலாம். இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியம்.

நம்பிக்கை: பெண்கள் பொதுவாழ்வுக்கு முன்வருவதில்லை.

உண்மை: உள்ளாட்சியில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றிலொரு பங்கையும், 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பாதியையும் பெண்களுக்கு ஒதுக்கின. 2021 அக்டோபரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, சமவெளி ஊர்களிலும் கல்வராயன் மலைக் கிராமங்களிலும் பெண்கள் போட்டியிட்டுப் பொறுப்பேற்றனர். கணவன்மார் குறுக்கிட்டு அதிகாரம் செலுத்தும் இடங்கள் உண்டெனினும், அது அதிகாரத்தை விட மனமில்லாதவரின் குற்றமேயன்றிப் பெண்ணின் குறையன்று. ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்துக்கோ, அதே ஆண்டு 234 பேரில் 12 பெண்களே தேர்வாயினர்.

நம்பிக்கை: பெண்ணை நிறுத்தினால் தொகுதி கைநழுவும்.

உண்மை: 2019 மக்களவைத் தேர்தலில் ஒடிசாவின் பிஜு ஜனதா தளம் தன் 21 இடங்களில் 7 பெண்களை நிறுத்தியது, அவர்களில் ஐவர் வென்றனர், ஆண்கள் பதினால்வரில் வென்றவர் எழுவரே. அஸ்கா தொகுதியில் வென்ற பிரமிளா பிசோயி, மகளிர் சுய உதவிக் குழுவில் உழைத்து உயர்ந்தவர்.

நம்பிக்கை: ஜெயலலிதா ஆண்ட மாநிலத்தில் இக்குறை என்றோ தீர்ந்தது.

உண்மை: 1982இல் கட்சியில் சேர்ந்த அவர், மறு ஆண்டே எம்.ஜி.ஆரால் கொள்கைபரப்புச் செயலாளராக நியமிக்கப்பட்டார். கிளை, ஒன்றியம், மாவட்டம் என்னும் படிகளில் ஏறி வந்தவரல்லர். உச்சியில் ஒருவர் அமர்ந்ததால் அப்படிகள் மற்றப் பெண்களுக்குத் திறந்துவிடவில்லை. 1949இல் தோன்றிய தி.மு.கழகத்திலும் தலைவர், பொதுச்செயலாளர் பதவிகளில் ஒரு பெண்ணும் அமர்ந்ததில்லை. விருப்ப மனு யார் கொடுத்தாலும், மாவட்டச் செயலாளரின் அபிப்பிராயத்துக்கே கனம் அதிகம். அந்த ஸ்தானத்தில் பெண்கள் அபூர்வமாக இருக்கும்வரை, அவர்களுக்காகப் பரிந்து பேசும் குரலும் அபூர்வமாகவே இருக்கும்.

சட்டமன்றத்திலும் மக்களவையிலும் மூன்றிலொரு பங்கு தரும் 2023ஆம் ஆண்டின் 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி மறுவரையறையையும் எதிர்நோக்குவதாகவே இயற்றப்பட்டது. ஆனால் ஒரு பெண்ணை ஒன்றியச் செயலாளராக நியமிக்க எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை. கட்சித் தலைமையின் ஒரு கையொப்பம் போதும். அதை இடத் தயங்குகிறவர்கள், தாமதத்துக்கு வாக்காளரையோ பெண்களையோ காரணம் காட்டுவது நியாயமாகாது.