கதவைத் திறக்க ஏன் இத்தனை நேரம்?

கேள்வி: இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சென்ற டிராகன் விண்கலம் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்ததை நேரலையில் பார்த்தேன். இணைந்த பிறகும் வெகுநேரம் கதவைத் திறக்கவில்லையே, ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. 2025 ஜூன் 26 அன்று மட்டுமல்ல, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இப்படித்தான் காக்க வைப்பார்கள்.

நிலையமும் கலமும் மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் பறந்தாலும், ஒன்றையொன்று தொடும்போது வேக வித்தியாசம் நொடிக்கு 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. முதலில் கலத்தின் இணைப்பு வளையம் நிலையத்தை மெல்லப் பற்றிக்கொள்ளும். ஆட்டம் அடங்கியதும் 12 கொக்கிகள் இறுக்கிப் பூட்டும். நீங்கள் கைதட்டியது இந்த இடத்தில்தான்.

ஆனால், இரண்டு கதவுகளுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி அப்போது வெற்றிடம். அதில் காற்றை நிரப்பி, அழுத்தம் குறைகிறதா என்று கண்காணிக்கிறார்கள். குக்கருக்கு கேஸ்கெட் போல இங்கே ரப்பர் வளையங்கள். அவற்றில் ஒரு தலைமுடி சிக்கினாலும் காற்று கசியலாம். இருபுறமும் அழுத்தம் சமமாகாமல் கதவைத் தொடவே முடியாது. சுமார் 80 செ.மீ. அகல வழியை அடைத்திருக்கும் அந்தக் கதவை உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 5 டன் விசையோடு அழுத்திக்கொண்டிருக்கும்!

அடுத்த முறை கொக்கிகள் பூட்டியதும் எழுந்துபோய் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கட்டிப்பிடித்து வரவேற்கும் காட்சி தவறாது.